வெப்பமானி மாறினால் வெப்பமும் மாறுமா? நூறாண்டுக் காலநிலைப் பதிவுகளைப் புரிந்துகொள்வது எப்படி

“நூறு வருஷத்துக்கு முன்னால் யார் இவ்வளவு துல்லியமாக வெப்பத்தை அளந்தார்கள்?” காலநிலை பற்றிப் பேச்சு எழுந்தால் இதை யாராவது ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை. பக்கத்திலேயே இன்னொருவர், “பழைய கணக்கையெல்லாம் திருத்தி எழுதிவிட்டார்களாமே” என்பார். இரண்டுமே கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் பதிலாக வருவது பெரும்பாலும் ‘விஞ்ஞானிகள் சொன்னால் நம்புங்கள்’ என்ற அதட்டல், இல்லாவிட்டால் ‘எல்லாம் பித்தலாட்டம்’ என்ற தீர்ப்பு. அந்த எண்கள் எப்படிப் பிறந்தன, எங்கே சறுக்கின, சறுக்கியதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்ற கதையை யாரும் சொல்வதில்லை. எனக்கு அந்தக் கதைதான் பிடித்திருக்கிறது.

முதலில் ஒரு சொல் விளக்கம். இன்றைக்கு வெயிலா மழையா என்பது வானிலை. பல பத்தாண்டு வானிலையைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரிகிற போக்கு காலநிலை. ஆகவே காலநிலையை நேரடியாக அளக்கும் கருவி எதுவும் கிடையாது. அன்றாட வானிலைக் குறிப்புகளைக் கோத்துத்தான் அதைப் பெற வேண்டும். சிக்கலும் அங்கேதான். அந்தக் குறிப்புகளை எழுதியவர்கள் நம் கேள்விக்குப் பதில் சொல்வதற்காக எழுதவில்லை. கப்பல் ஓட்ட, பயிர் பார்க்க, அடுத்த நாள் எப்படி இருக்கும் என்று கணிக்க எழுதினார்கள்.

சுவரில் போட்ட கோடுகள்

பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி, தலைமேல் ஒரு அட்டையை வைத்து, பிறந்தநாளுக்கு ஒரு கோடு போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் அப்பா கோடு போடுவார், மறு வருடம் அத்தை. ஒரு முறை பிள்ளை குதிகாலை உயர்த்தியிருக்கும், இன்னொரு முறை கூன் போட்டு நிற்கும். ஒவ்வொரு கோட்டிலும் கொஞ்சம் தவறு இருக்கிறது. ஆனாலும் பத்துக் கோடுகளைச் சேர்த்துப் பார்த்தால் பிள்ளை வளர்ந்தது தெரியாமல் போகாது.

இப்போது அந்த அறைக்குப் புதுத் தரை போடுகிறார்கள். தரை ஓர் அங்குலம் உயர்ந்துவிடுகிறது. அந்த வருடம் சுவரைப் பார்த்தால் பிள்ளை வழக்கத்தைவிட ஓர் அங்குலம் கூடுதலாக வளர்ந்தது போலத் தெரியும். அதற்குப் பிறகு போடுகிற எல்லாக் கோடுகளும் அதே ஓர் அங்குலம் மேலே நிற்கும்.

முதல் வகைத் தவறுக்குத் தற்செயல் பிழை என்று பெயர். அது கூடவும் இருக்கும், குறையவும் இருக்கும். நிறைய அளவுகளைச் சேர்த்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். 100 அளவுகளின் சராசரியை எடுத்தால் தற்செயல் பிழை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அதனால்தான் ஒரு டிகிரிக்கு முழுமையாக்கி எழுதிய பழைய குறிப்புகளிலிருந்தும் பத்தில் ஒரு டிகிரி அளவில் சராசரி சொல்ல முடிகிறது. ‘யார் அவ்வளவு துல்லியமாக அளந்தார்கள்’ என்ற முதல் கேள்விக்கு இதுதான் பதில்: யாரும் அளக்கவில்லை, ஏராளமானோர் சுமாராக அளந்தார்கள்.

இரண்டாவது வகைக்குச் சார்புப் பிழை என்று பெயர். எல்லா அளவுகளையும் ஒரே பக்கமாகத் தள்ளுவது அது. ஆயிரம் அளவுகள் எடுத்தாலும் சராசரி அதைத் தொடாது. ஆனால் இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. தரை முதல் நாளிலிருந்தே ஓர் அங்குலம் உயரமாக இருந்திருந்தால் யாருக்கும் நட்டமில்லை. வளர்ச்சி சரியாகவே தெரிந்திருக்கும். அரை டிகிரி கூடக் காட்டுகிற வெப்பமானி நூறு வருடமும் அதே அரை டிகிரியைக் கூடக் காட்டினால், மாற்றத்தைக் கணக்கிடுபவருக்கு அது நல்ல வெப்பமானிதான். நடுவில் மாறுகிற தரைதான் ஆபத்து.

ஆக, நீண்ட பதிவில் தேடவேண்டியது தவறான கருவியை அல்ல. அளக்கும் முறை எந்த நாளில் மாறியது என்பதைத்தான்.

மலையும் அடிவாரமும்

உலக சராசரி வெப்பநிலை என்று செய்தியில் வரும்போது, எல்லா ஊர் வெப்பத்தையும் கூட்டி வகுத்துவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் விபரீதமாகும். மலை உச்சியில் இருக்கும் ஒரு நிலையத்தை மூடிவிட்டால் உலகமே சூடானதாகக் கணக்கு வரும்.

அதனால் ஒவ்வொரு நிலையத்தையும் அதன் சொந்தச் சராசரியோடு மட்டும் ஒப்பிடுகிறார்கள். உலக வானிலை அமைப்பு இதற்கு 30 ஆண்டுச் சராசரியை வழக்கமாக வைத்திருக்கிறது. இப்போது நடப்பில் இருப்பது 1991 முதல் 2020 வரையிலானது. அந்தச் சராசரியிலிருந்து இந்த மாதம் எவ்வளவு கூடியது அல்லது குறைந்தது என்ற வித்தியாசத்துக்கு விலகல் என்று பெயர். மலை உச்சியும் அடிவாரமும் வெப்பநிலையில் பத்து டிகிரி வேறுபடலாம். ஆனால் வழக்கத்துக்கு மாறான வெக்கை மாதம் வந்தால் இரண்டும் சேர்ந்தே சூடாகும். 1987-இல் காலநிலை ஆய்வாளர்கள் ஜேம்ஸ் ஹான்சனும் செர்கெய் லெபெதெஃபும் வெளியிட்ட ஆய்வு, நடு அட்சரேகைகளிலும் துருவத்தை ஒட்டியும் 1,200 கிலோமீட்டர் தள்ளியுள்ள நிலையங்கள்கூட விலகலில் ஓரளவு ஒத்துப்போகின்றன என்று காட்டியது. தெருவுக்கு ஒரு வெப்பமானி தேவையில்லை என்பது அதனால்தான்.

தரை உயர்ந்த இடங்கள்: நிலத்தில்

இங்கிலாந்தின் நடுப்பகுதிக்கு 1659 முதல் மாதவாரியான வெப்பநிலைத் தொடர் இருக்கிறது. உலகத்தில் கருவியால் அளந்த தொடர்களில் மிக நீளமானது அதுதான். உலகளாவிய தொடர்கள் 1850-ஐ ஒட்டித் தொடங்குகின்றன. இவ்வளவு காலத்தில் எதுவும் மாறாமல் இருந்த நிலையம் என்று ஒன்றைக் காட்டுவது கடினம்.

19-ஆம் நூற்றாண்டில் வெப்பமானியை வடக்குச் சுவரில் மாட்டினார்கள், ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டார்கள். பிறகு தாமஸ் ஸ்டீவன்சன் வடிவமைத்த, பக்கமெல்லாம் சாய்ந்த பட்டைகள் வைத்த வெள்ளை மரப்பெட்டி பரவியது. காற்று போகும், வெயில் நேராக விழாது. ஸ்டீவன்சன் தொழிலால் கலங்கரை விளக்கம் கட்டும் பொறியாளர்; அவருடைய பெட்டி வந்த பிறகு கோடை அளவுகள் மாறின. வானம் மாறவில்லை, நிழல் மாறியது. நிலையம் வேறு இடத்துக்குப் போனது, பக்கத்தில் கட்டடம் எழுந்தது, பாதரசம் போய் மின்னணு உணரி வந்தது எல்லாமே இப்படித்தான்.

இவற்றில் எனக்கு மிகவும் வியப்பூட்டியது, யாருமே குற்றம் செய்யாத ஒரு மாற்றம்: அளவைக் குறிக்கும் நேரம். ஒரு நாளின் அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் நினைவில் வைத்திருக்கும் வெப்பமானியைத் தினமும் ஒரு முறை பார்த்துவிட்டு, அதைப் பழைய நிலைக்குத் திருப்பிவைக்க வேண்டும். மாலை 5 மணிக்கு இதைச் செய்பவரை எடுத்துக்கொள்வோம். திங்கட்கிழமை கொளுத்துகிறது, அதிகபட்சம் 38 டிகிரி. மாலையில் எழுதிவிட்டுத் திருப்பிவைக்கிறார். அந்த நேரத்திலும் வெப்பம் 36 டிகிரி. செவ்வாய்க்கிழமை மேகம் கவிந்து 31 டிகிரியைத் தாண்டவில்லை. ஆனால் செவ்வாய் மாலை பார்த்தால் வெப்பமானி 36 என்று காட்டும், ஏனென்றால் திருப்பிவைத்த கணத்தில் அது உணர்ந்த அதிகபட்சம் அதுதான். ஒரே வெக்கை இரண்டு நாள் கணக்கில் ஏறிவிட்டது. காலையில் பார்ப்பவருக்கு இதே கதை குளிரில் நடக்கும்.

அமெரிக்காவின் தன்னார்வ வானிலை நிலையங்கள் 20-ஆம் நூற்றாண்டின் போக்கில் மாலையிலிருந்து காலைக்கு மாறின. ஒவ்வொருவரும் தம் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். ஆனாலும் வானத்தில் இல்லாத ஒரு குளிர்ச்சி பதிவில் மெல்ல நுழைந்தது. அதைச் சரிசெய்தபோது அமெரிக்காவின் வெப்ப உயர்வு கூடியது. ‘திருத்திச் சூடாக்கிவிட்டார்கள்’ என்ற குற்றச்சாட்டுக்குப் பெரிய காரணம் இந்த மாலை 5 மணிதான்.

கடலில்: ஒரு வாளியின் கதை

பூமியின் பரப்பில் ஏறத்தாழ 70 விழுக்காடு கடல். ஆகவே உலக சராசரியில் பெரிய பங்கு கப்பல்காரர்கள் எடுத்த அளவுகளுக்கு. அவர்கள் செய்தது எளிய வேலை: கயிற்றில் வாளியைக் கட்டிக் கடலில் இறக்கி, மேலே தூக்கி, வெப்பமானியை உள்ளே வைத்துப் பார்ப்பது.

வாளி மேலே வருவதற்குள் ஈரம் ஆவியாகி நீர் குளிர்ந்துவிடும். மரவாளியில் குறைவாக, கித்தான் வாளியில் அதிகமாக. பிறகு நீராவிக் கப்பல்கள் என்ஜினைக் குளிர்விக்க உள்ளே இழுக்கும் கடல்நீரில் அளக்கத் தொடங்கின. என்ஜின் அறையின் சூட்டால் அது கொஞ்சம் கூடக் காட்டும். வாளியிலிருந்து குழாய்க்கு மாறினாலே கடல் சூடானது போலத் தெரியும்.

இரண்டாம் உலகப் போர் இந்தக் குழப்பத்தைப் பெரிதாக்கியது. இரவில் தளத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு வெப்பமானியைப் பார்ப்பது எதிரிக்குக் குறி காட்டுவதாகும். அளவெடுப்பு உள்ளே போனது. குழாயில் அளக்கும் அமெரிக்கக் கப்பல்களின் பங்கும் கூடியது. 1945-இல் போர் முடிந்ததும் வாளியில் அளக்கும் பிரிட்டிஷ் கப்பல்கள் மீண்டும் எண்ணிக்கையில் ஏறின. உலக சராசரி திடீரென்று ஏறத்தாழ 0.3 டிகிரி செல்சியஸ் விழுந்ததாகப் பதிவு சொன்னது. எரிமலையா, பசிபிக் கடல்பரப்பு குளிரும் லா நினாவா என்று காரணம் தேடலாம். 2008-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு அது எதுவுமில்லை, வாளிகள் திரும்பி வந்ததுதான் என்று காட்டியது.

இன்னொரு சறுக்கல் கடலில் நடந்ததே அல்ல, மேசையில் நடந்தது. ஜப்பானியக் கப்பல்களின் பழைய குறிப்புகளில் ஒரு பகுதியைப் பிற்பாடு கணக்கிடும் இயந்திரங்கள் படிக்கும் துளையட்டைகளில் ஏற்றியபோது புள்ளிக்குப் பின்னுள்ள எண்ணை வெட்டிவிட்டார்கள். 15.7 இருந்த இடத்தில் 15. முழுமையாக்கியிருந்தால் கூடுதலும் குறைவும் சமனாகியிருக்கும். வெட்டினால் எப்போதும் குறைவுதான், சராசரியில் ஏறக்குறைய அரை டிகிரி. பல பத்தாண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்த இதை 2019-இல்தான் கண்டுபிடித்து வெளியிட்டார்கள்.

1990-களுக்குப் பிறகு தானியங்கி மிதவைகள் பெருகின. அவை கப்பல்களைவிடத் துல்லியமானவை, கப்பல்களைவிட ஏறத்தாழ 0.1 டிகிரி குறைவாகக் காட்டுபவை. மிதவைகளின் பங்கு கூடக் கூட, கலவைச் சராசரி மெல்லக் கீழே இழுக்கப்பட்டது. 2015-இல் அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா இதற்குத் திருத்தம் செய்தபோது பெரும் அரசியல் சண்டை மூண்டது. சண்டையை விட்டுவிட்டு, வேறொரு குழு எளிய சோதனை ஒன்றைச் செய்தது. மிதவைகளை மட்டும் வைத்து ஒரு கணக்கு, செயற்கைக்கோளை மட்டும் வைத்து ஒன்று, கடலில் மூழ்கி எழும் ஆர்கோ கருவிகளை மட்டும் வைத்து ஒன்று. எதையும் எதனோடும் கலக்கவில்லை, ஆகவே ஒட்டுப்போட வேண்டிய தேவையே இல்லை. 2017-இல் வந்த முடிவு: மூன்றும் நோவாவின் திருத்திய தொடரோடு ஒத்துப்போயின.

இதுவரை பார்த்த எல்லாவற்றிலும் தவறு வந்த வழி ஒன்றே: இரண்டு அளவுமுறைகள் ஒரே தொடரில் கலந்தன, கலப்பின் விகிதம் காலத்தோடு மாறியது.

திருத்தியதா, திரித்ததா?

பிழை எங்கெல்லாம் நுழையும் என்று தெரிகிறது. அதைப் பதிவுக்குள் எப்படிப் பிடிப்பது? மறுபடியும் சுவருக்குப் போவோம். அதே சுவரில் தங்கைக்கும் கோடு போட்டிருந்தால், ஒரே வருடத்தில் இருவரும் ஓர் அங்குலம் கூடுதலாக வளர்ந்திருப்பதைப் பார்த்தவுடன் தரையைச் சந்தேகிப்போம். வானிலை நிலையங்களில் இது தலைகீழ். அண்டை நிலையங்கள் பத்தும் அமைதியாக இருக்க, ஒன்று மட்டும் ஒரு குறிப்பிட்ட மாதத்திலிருந்து நிரந்தரமாகத் தாவி நின்றால், தாவியது வானம் அல்ல, அந்த நிலையம். அந்தத் தாவலின் அளவைக் கணக்கிட்டு நீக்குவதற்குச் சீராக்கம் என்று பெயர்.

நிலையம் எப்போது இடம் மாறியது, எந்தக் கருவி, யார் பார்த்தார்கள் என்ற பக்கக் குறிப்புகள் கிடைத்தால் வேலை எளிது. பல இடங்களில் அது கிடைப்பதில்லை. அப்போது அண்டை நிலையங்களே சாட்சி.

திருத்தாத மூலப் பதிவுதான் தூய்மையானது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் மேலே பார்த்த வாளிகளும் மாலை 5 மணியும் அந்த மூலத்துக்குள்தான் இருக்கின்றன. பெரும்பாலோர் எதிர்பார்க்காத செய்தி இது: நிலம், கடல் எல்லாத் திருத்தங்களையும் சேர்த்தால், நீண்டகால உலக வெப்ப உயர்வு மூலப் பதிவைவிடக் குறைகிறது. பழைய வாளி அளவுகள் உயர்த்தப்படுவதால், தொடக்கப் புள்ளி மேலே வருகிறது, ஏற்றம் சிறிதாகிறது. வெப்பத்தைப் பெரிதாக்கிக் காட்ட விரும்பிய சதிகாரர் யாராவது இருந்தால், அவர் திருத்தாமல் விட்டிருப்பார்.

சந்தேகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சந்தேகத்தை வேலையாக மாற்றியவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பதிவுகளை நம்பாத இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர், பெர்க்லி எர்த் என்ற தனிக் குழுவை அமைத்து, பல்லாயிரக்கணக்கான நிலையங்களை வேறு கணித முறையில் முதலிலிருந்து ஆராய்ந்தார். நகரங்கள் வளர்ந்து வெப்பம் சேர்வதுதான் காரணமா என்றும் பார்த்தார். பழைய குழுக்கள் கண்ட வெப்ப உயர்வே அவருக்கும் கிடைத்தது. 2012-இல் தம் கருத்து மாறியதை அவரே வெளிப்படையாக எழுதினார். அமெரிக்காவில் குடியிருப்புகளுக்கு அப்பால், நிலையத்துக்கு மூன்று வெப்பமானிகள் வைத்து, திருத்தமே தேவைப்படாதபடி ஒரு தனி வலையமைப்பு இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவப்பட்டது. பழைய நிலையங்களின் திருத்திய தொடர், திருத்தாததைவிட இதனோடு நெருங்கிப் பொருந்துகிறது.

பலவீனங்களும் உண்டு. 1850-களில் தென் அரைக்கோளத்தின் பெரும்பகுதி வெறுமை. ஆர்க்டிக் பகுதியில் நிலையங்கள் சொற்பம். மழையை அளப்பது இன்னும் கடினம்; காற்றடித்தால் மழைமானிக்குள் விழவேண்டிய துளி வெளியே போகும், பனியாக இருந்தால் இன்னும் மோசம். மழை அண்டை ஊரோடும் ஒத்துப்போவதில்லை. ஆகவே ஒழுங்கான எந்தப் பதிவும் தனி எண்ணாக வராது. 1850–1900 காலத்தோடு ஒப்பிட்டால் 2011–2020-இன் சராசரி 1.09 டிகிரி கூடுதல், 0.95-க்கும் 1.20-க்கும் இடையில் இருக்கலாம் என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி எழுதுகிறது. அந்த ‘இடையில்’ என்பதற்கு நிச்சயமின்மை வீச்சு என்று பெயர். அதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

செயற்கைக்கோள் தப்பிவிடுமா?

‘தரையில் இவ்வளவு வம்பு என்றால் வானத்திலிருந்து அளக்கலாமே’ என்பது அடுத்த கேள்வி. அங்கே வெப்பமானியே இல்லை. காற்றிலுள்ள ஆக்சிஜன் வெளியிடும் நுண்ணலையை அளந்து, அதிலிருந்து வெப்பத்தைக் கணக்கிடுகிறார்கள். இந்தத் தொடர் 1978-இன் இறுதியில் தொடங்கியது. முதல் முடிவுகள் வளிமண்டலம் சூடாகவே இல்லை என்று காட்டின. 1998-இல், செயற்கைக்கோள்கள் மெல்லக் கீழிறங்குவதைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று தெரிந்தது. செயற்கைக்கோள் ஓரிடத்தைக் கடக்கும் நேரம் வருடக்கணக்கில் நழுவுவதற்குச் செய்த திருத்தத்தில், கூட்டவேண்டிய இடத்தில் கழித்திருந்தார்கள் என்று 2005-இல் வேறொரு குழு கண்டது. மறுபடியும் அந்த மாலை 5 மணிப் பிரச்சினைதான், இம்முறை விண்வெளியில். இரண்டையும் சரிசெய்தபின் வெப்ப உயர்வு தெரிந்தது.

கடல்மட்டத்தை அளப்பவர்கள் இதை முன்கூட்டியே யோசித்தார்கள். 1992-இல் ஏவிய டோபெக்ஸ்/பொசைடன் என்ற செயற்கைக்கோள் ஓய்வுபெறும் முன்பே அதன் வாரிசான ஜேசன்-1 மேலே போனது. இரண்டும் ஒரே பாதையில், ஏறக்குறைய ஒரு நிமிட இடைவெளியில், மாதக்கணக்கில் சேர்ந்து பறந்தன. ஒரே கடலை இரண்டும் பார்த்ததால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நேரடியாகத் தெரிந்துவிட்டது. புதுத் தரை போடுமுன் ஒரு கோடும் போட்டபின் ஒரு கோடும் அதே நாளில் போடுவது போல. ஜேசன்-2, ஜேசன்-3, 2020-இல் ஏவிய சென்டினல்-6 வரை இந்த வழக்கம் தொடர்கிறது.

ஹவாயின் மௌனா லோவா எரிமலைச் சரிவில் 1958 மார்ச்சில் விஞ்ஞானி சார்லஸ் டேவிட் கீலிங் தொடங்கிய கார்பன் டை ஆக்சைடு பதிவு இன்னொரு நல்ல உதாரணம். கலவை துல்லியமாகத் தெரிந்த வாயு உருளைகளைக் கருவிக்குக் காட்டி, அது சொல்வது சரியா என்று அடிக்கடி சோதிப்பார்கள்; இதற்கு அளவுத்திருத்தம் என்று பெயர். எரிமலைப் புகை வீசும் நேரத்து அளவுகளை ஒதுக்கிவிடுவார்கள். 1964-இல் பணப் பற்றாக்குறையால் சில மாதம் அளவு நின்றுபோனது. வரைபடத்தில் அந்த ஓட்டை இன்றும் இருக்கிறது. 2022 நவம்பரில் எரிமலையே வெடித்து மின்சாரம் போனபோது, அளவெடுப்பைப் பக்கத்து மலையான மௌனா கேயாவுக்குத் தற்காலிகமாக மாற்றினார்கள்.

கையெழுத்து மாறிய நாள்

90 ஆண்டுகள் உலகின் மிக அதிக வெப்பநிலை என்று பள்ளிப் புத்தகங்களில் இருந்தது லிபியாவின் எல் அஸீஸியா: 1922 செப்டம்பர் 13, 58 டிகிரி செல்சியஸ். உலக வானிலை அமைப்பு அமைத்த குழு பழைய பதிவேட்டையே எடுத்துப் பார்த்தது. அந்தத் தேதிக்குச் சற்று முன்பு கையெழுத்து மாறியிருந்தது. புதிதாக வந்தவர் அளவுகளை வேறு கட்டத்தில் எழுதியிருந்தார். அங்கிருந்த வெப்பமானியில், பாதரசம் தள்ளிக்கொண்டு போகும் சிறு முள்ளின் கீழ்முனையைப் பார்த்து எழுத வேண்டும். பழக்கமில்லாதவர் மேல்முனையைப் பார்த்திருக்கலாம், அது சுமார் 7 டிகிரி கூடக் காட்டும் என்று குழு முடிவு செய்தது. அண்டை நிலையங்களும் அந்த வெக்கையை உணரவில்லை.

2012-இல் அந்தச் சாதனை நீக்கப்பட்டது. பட்டம் அமெரிக்காவின் மரணப் பள்ளத்தாக்குக்குப் போனது: 1913 ஜூலை 10, 56.7 டிகிரி. அந்த எண்ணையும் சிலர் இப்போது பக்கத்து நிலையங்களோடு வைத்துச் சரிபார்த்து, முகம் சுளித்துக்கொண்டிருக்கிறார்கள்.